கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகக் கொள்முதல் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஆய்வகத்தில் வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராப் கருவியின் பழுதடைந்த உணர்வியை மாற்றித் தரக் கோரிய கோப்பு, மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கப்படவில்லை என்ற குறிப்புடன் மீண்டும் திரும்பி வந்திருக்கிறது. கருவியைத் தயாரித்த நிறுவனம் மட்டுமே அந்த உதிரிபாகத்தை விற்கிறது என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தோம்.

வெயிலைக் கொண்டு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கும் ஒளிவினையூக்கிகளை, அதாவது ஒளிபட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்களை, மேம்படுத்தவே எங்களுக்கு ஆய்வுத்தொகை ஒதுக்கப்பட்டது என்பது தாங்கள் அறிந்ததே. நெடுநாளாகப் பயன்படும் ஒளிவினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடு, வெயிலில் ஏறக்குறைய 5 சதவீதமே உள்ள புறஊதா ஒளியோடு நின்றுவிடுவதால், கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் ஓரளவு உறிஞ்சும் கார்பன் நைட்ரைடில் நாங்கள் வேலை செய்கிறோம். நீர் முழுமையாகப் பிளந்ததற்குச் சான்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2-க்கு 1 என்ற விகிதத்தில் வெளிவருவதுதான். அதை அளக்க வேண்டிய கருவிதான் துணி போர்த்தப்பட்டுக் கிடக்கிறது.

இப்போது மாதிரி வாயுவை ஊசிக்குழலில் அடைத்து, கோவையில் உள்ள வேறொரு கல்லூரிக்குப் பேருந்தில் எடுத்துச் செல்கிறோம். போய்ச் சேர்வதற்குள் ரப்பர் அடைப்பின் வழியே ஹைட்ரஜன் கசிகிறது. வெளிக்காற்றும் உள்ளே புகுந்துவிடுகிறது. கருவி தரும் வரைபடத்தில், காற்று புகுந்ததைக் காட்டும் நைட்ரஜன் முகடு ஓங்கி நிற்கையில், அதன் அருகே தெரியும் ஆக்சிஜன் நீரிலிருந்து வந்ததா, அவினாசி சாலையிலிருந்து வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

அதுவரை ஒளிவினையூக்கியால் சாயம் வெளுப்பதை அளந்து கட்டுரை எழுதலாமே என்று எங்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டது. திருப்பூரை அருகில் வைத்துக்கொண்டு அந்த ஆய்வைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அந்தச் சோதனைக்குப் பயன்படும் சாயமான மெத்திலீன் நீலம் தானே ஒளியை உறிஞ்சிச் சிதையக்கூடியது. அது வெளுத்துவிட்டதால் நீர் பிளந்துவிட்டதாக ஆகாது. எங்களுக்கு வேண்டியது உணர்வி.

2023 ஜனவரியில் ஒன்றிய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியதை நம் வளாகமும் பதாகை கட்டிக் கொண்டாடியது. அந்தப் பதாகைக்கு எத்தனை விலைப்புள்ளிகள் பெறப்பட்டன என்று நாங்கள் கேட்கவில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 100 சதுர மீட்டர் பரப்பில் ஒளிவினையூக்கித் தகடுகளை வெயிலில் வைத்து எட்டியதாக 2021இல் அறிவித்த, வெயிலின் ஆற்றலை ஹைட்ரஜனாக மாற்றும் திறனே அதிகபட்சம் 0.76 சதவீதம். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களுக்காக உலகமே போராடும் துறையில், கசிந்த வாயுவை வைத்துக்கொண்டு நாங்கள் எதை நிரூபிப்பது?

பொறுத்தருள்க; கோரிக்கைக்கே வருகிறோம். ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருளுக்கு, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அதன்படி எங்கள் கோப்பை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொண்டு, உணர்வியை வாங்க ஒப்புதல் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒளிவினையூக்க ஆய்வக ஆய்வு மாணவர்கள்