பேரன் அழவில்லையாமே

சிவமயம்
காரைக்குடி

அன்பு ராசாவுக்கு,

நீ மேசையில் வைத்துவிட்டுப் போன ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலைப் படித்து முடித்தேன். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கியது. மெலிந்த புத்தகம்தான், ஆனால் அதன் நாயகன் மெர்சோ ஆளை விடமாட்டேன் என்கிறான்.

கடற்கரையில் ஒரு அரபியைச் சுடுகிறான். ஒரு குண்டு, அப்புறம் அசையாத உடம்பில் இன்னும் நாலு. ஆனால் கோர்ட்டில் பேச்செல்லாம் அம்மாவின் சவப்பெட்டி பக்கத்தில் பால் காப்பி குடித்தான், அழவில்லை, மறுநாளே ஒரு பெண்ணோடு சிரிப்புப் படம் பார்த்தான் என்றுதான். செத்த அரபிக்கு நாவலில் ஒரு பெயர்கூட இல்லை, கவனித்தாயா?

அப்பத்தா இறந்த கேதத்தில் முகப்பில் இருந்த சிலர், "வளர்த்த பேரன், கண்ணு கலங்கலையே" என்றது உன் காதிலும் விழுந்திருக்கும். அதற்காகத்தான் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாயோ என்னவோ. கேதம் கேட்க வருகிறவர்கள் யார் அழுகிறார்கள் என்று பார்ப்பது நம் பக்கத்து வழக்கம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியை அவர்களும்தான் குடித்தார்கள். விடு.

மெர்சோவோடு எனக்கு ஒத்துப்போகாதது வேறு இடம். படம் பார்க்கப் போன அந்தப் பெண் மேரி "என்னைக் காதலிக்கிறாயா" என்றால் அதற்கு அர்த்தமில்லை என்கிறான். முதலாளி பாரிஸில் வேலை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்கிறான். நீயும் போனில் அப்படித்தான் பேசினாய், எங்கே இருந்தால் என்ன, எதைச் சம்பாதித்து என்ன என்று. 'காதற்ற ஊசியும் வாராது' என்று பட்டினத்தார் எப்போதோ சொன்னதுதான். ஆனால் எல்லாவற்றையும் விட்ட அவர், ஆத்தா செத்ததும் வந்து நின்றார். பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாட்டாலேயே தீ மூட்டினார் என்பார்கள். 'ஐயிரண்டு திங்களா அங்கமெலாம் நொந்து பெற்று' என்று பாடினவருக்கு எல்லாம் ஒன்றாகவா இருந்தது?

காம்யுவை இருத்தலியல்வாதி, அதாவது வாழ்க்கைக்குத் தானாக அர்த்தம் கிடையாது, மனிதன்தான் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறவர் என்பார்கள், அவரோ இல்லை என்று மறுத்தார். பட்டம் எதுவோ இருக்கட்டும். அவருடைய அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, படிக்கவும் தெரியாது. வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 1960இல் கார் விபத்தில் காம்யு இறந்தபோது, முடியாமல் கிடந்த 'முதல் மனிதன்' கையெழுத்துப் பிரதி அங்கே கிடைத்தது. இதை ஒருநாளும் வாசிக்க முடியாத உனக்கு என்று அம்மாவுக்குத்தான் அதைப் படைத்திருக்கிறார். அழாத மகனை எழுதியவரும் அவர்தானே!

உன் கடிதங்களை அப்பத்தாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். நீ விசாரிக்க மறந்த நாட்களில் ஒரு வரியை நானே சேர்த்தும் வாசித்திருக்கிறேன். அதற்கு அப்பத்தா, "தெரியும், நீ வாசி" என்பார்.

அப்பத்தாவுக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு நாள் குறித்ததும் சொல்கிறேன். லீவு கிடைத்தால் வா. பந்தி பரிமாற ஆள் குறைகிறது. வரும்போது 'முதல் மனிதன்' வாங்கி வா, என் கையில் இல்லை.

அன்புடன்,
அப்பச்சி