தெரிந்திருந்ததா என்பதுதான் கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

நிறுவனங்களின் தவறை வன்முறைக் குற்றத்தோடு ஒப்பிடுவது மிகை என்று வாதிட்ட கட்டுரையைப் படித்தேன். இயக்குநர்கள் யாரையும் வெறுக்கவில்லை, யார் மீதும் கை வைக்கவில்லை என்பதுதான் கட்டுரையாளரின் முக்கிய வாதம். வெறுப்பு இருந்தாக வேண்டும் என்று சட்டமே கேட்பதில்லையே! சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே ஒன்றைச் செய்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு, இரண்டாம் பகுதிப்படி பத்து ஆண்டுவரை சிறை. வெறும் கவனக்குறைவு என்றால் 304-ஏ. அதிகபட்சமே இரண்டு ஆண்டு.

போபாலின் யூனியன் கார்பைடு ஆலையில் 1984 டிசம்பர் 2 இரவு மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருளின் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததை விபத்து என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வாயுவைத் தடுத்திருக்க வேண்டிய ஏற்பாடுகள் என்ன ஆயின? தொட்டியைக் குளிரில் வைக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் ஃபிளேர் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. காஸ்டிக் சோடாவால் வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பருக்கு அவ்வளவு பெரிய கசிவைத் தாங்கும் திறன் இல்லை. தண்ணீரைப் பீய்ச்சினால் வாயு வெளியேறிய உயரத்துக்கு எட்டவில்லை. குளிர்பதனம் தானாக நின்றுவிடவில்லை. நிறுத்தச் சொன்னவர் ஒருவர் இருந்திருப்பார். நச்சுப்பொருள் கசியும் அபாயத்தைத் தாய் நிறுவனத்தின் ஆய்வுக் குழுவே 1982-இல் எழுதிக் கொடுத்திருந்தது. இருந்தும் 1996-இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை 304-ஏ அளவுக்குக் குறைத்தது. 2010 ஜூனில் ஏழு பேருக்கு இரண்டு ஆண்டு சிறை, அன்றைக்கே ஜாமீன்.

ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் இன்னும் நுணுக்கமானது. கார்ச் சாவி திரும்பும் சுவிட்சுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும், சாவியை அதன் நிலையில் பிடித்துவைக்கும் பிளஞ்சர் என்ற சிறு பாகமும் உண்டு. அவை வலுவில்லாமல் இருந்ததால், சாவிக்கொத்தின் கனத்திலோ முழங்கால் இடித்தோ சாவி நழுவும்; ஓடும் வண்டியில் என்ஜின் அணையும், மோதினால் ஏர்பேக் விரியாது. பிற்பாடு வலுவான பிளஞ்சரைப் போட்டார்கள், ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. எண் மாறாததால் பழையதும் புதியதும் ஆவணத்தில் ஒன்றாகிவிட்டன. புதிய வண்டிகளில் மட்டும் இந்தக் கோளாறு ஏன் குறைகிறது என்று ஆராய்ந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. வண்டிகளைத் திரும்ப அழைத்தது 2014-இல்தான். நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றது. 2015-இல் 90 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். தனி நபர் எவர் மீதும் குற்ற வழக்கு இல்லை.

சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி கலந்த வேர்க்கடலைப் பொருளைத் தெரிந்தே அனுப்பிய பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்காவின் தலைவருக்கு 2015-இல் 28 ஆண்டு சிறை கிடைத்தது. அங்கே விஷயம் அவருடைய மின்னஞ்சலிலேயே இருந்தது. அப்போதும் தண்டனை மோசடிக்கும் கலப்பட உணவை அனுப்பியதற்கும்தான்; ஒன்பது பேர் இறந்ததற்காக அல்ல.

பெரிய நிறுவனங்களில் இப்படி ஒரே ஆளிடம் எல்லாம் சிக்குவது அபூர்வம். வால்வு பழுது என்பது பராமரிப்பாளருக்குத் தெரியும், அதைச் சரிசெய்யாமல் விட்டால் எவ்வளவு பணம் மிச்சம் என்பது கணக்குப் பிரிவுக்குத் தெரியும்; இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இருக்காது. சில இடங்களில் அப்படி இருப்பது வசதியும்கூட.

வரி ஏய்ப்பையும் நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைக்கும் கூட்டணியையும் கொலையோடு சேர்த்துப் பேச நான் வரவில்லை. ஒருவன் தன்னைக் குறிவைத்துத் தாக்கினான் என்ற அச்சமும் அவமானமும் தனி வகை. அதைக் கட்டுரையாளர் சரியாகவே சொல்கிறார். ஆனால் ஆலை விபத்து என்றதும் அந்த ஷிஃப்டின் ஆபரேட்டரைக் கைது செய்வதோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. பாதுகாப்புக் கருவிகளை பைபாஸ் செய்த, அதாவது இயங்கவிடாமல் தவிர்த்த, பதிவேடு, தள்ளிப்போட்ட பராமரிப்புப் பட்டியல், அதற்குப் பணம் மறுத்த கடிதம் ஆகிய மூன்றையும் முதல் நாளே கைப்பற்றி, அடியில் கையெழுத்திட்டவர்களை விசாரிக்க வேண்டும். கவனக்குறைவா, தெரிந்தே செய்ததா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்