‘கடல் சீற்றம்’ என்றால் எத்தனை மீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் உருவாகும்போதெல்லாம் நாளிதழ்ச் செய்தி ஒரே வார்ப்பில் வருகிறது. மையம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது, எங்கே எப்போது கரையைக் கடக்கும். கடலைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி: ‘கடல் சீற்றத்துடன் காணப்படும்.’ கரையில் இருப்பவர்களுக்கு இது போதும். கடலில் நிற்கும் கப்பலுக்கும் படகுக்கும், அதில் போனவரை நினைத்துப் பேப்பரைப் புரட்டும் வீட்டாருக்கும் அந்தக் கடைசி வரிதான் செய்தி. அதில் ஒரு எண்கூட இல்லை.

வானிலை மையங்கள் எண் இல்லாமல் எழுதுவதில்லை. கடல்நிலையை அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோலில் அலை உயரம் 2.5 முதல் 4 மீட்டர் வரை ஒரு படி. அடுத்த படி 6 வரை, அதற்கடுத்தது 9 வரை, பிறகு 14 வரை, அதற்கும் மேலே கடைசிப் படி. தமிழுக்கு வரும்போது இந்த ஐந்தும் ‘சீற்றம்’ ஆகிவிடுகின்றன. எழுதுபவர் கொஞ்சம் தாராளமாக இருந்தால் ‘கடும் சீற்றம்’. 3 மீட்டர் அலையில் பெரிய சரக்குக் கப்பல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். 10 மீட்டரில் அதே கப்பல் போக்கை மாற்றி, வேகத்தைக் குறைத்து, மேல்தளத்துக்கு ஆளை அனுப்பாமல் சமாளிக்க வேண்டும். சிறிய படகுக்கோ 3 மீட்டரே உயிர்ப் பிரச்சினை.

அறிக்கையில் வரும் அலை உயரத்தை அச்சிட்டாலும் ஒரு விளக்கம் தேவை. அது மிகப் பெரிய அலையின் உயரம் அல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். 6 மீட்டர் என்று போட்டிருந்தால், சில மணி நேரத்தில் ஆயிரம் அலைகள் கடந்து போவதற்குள் 11 மீட்டரைத் தொடும் ஒன்று வரக்கூடும். ஏறத்தாழ இரட்டிப்பு என்று வைத்துக்கொள்வது கடலோடிகளின் வழக்கம். படகைக் கவிழ்ப்பது சராசரி அலை அல்ல.

காற்றின் கதையும் இதுவே. ‘மணிக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்பது சராசரி வேகம். உலக வானிலை அமைப்பின் வழக்கப்படி 10 நிமிடச் சராசரி. இந்திய மையம் 3 நிமிடம். அமெரிக்க மையம் 1 நிமிடம். ஒரே புயலுக்கு அமெரிக்க எண் கூடுதலாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டு மையங்கள் முரண்படுவதாகத் தலைப்புப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. சராசரிக்கு மேல் திடீர் வீச்சு 40 சதவீதம் வரை ஏறலாம். விசை வேகத்தின் இருமடியாகக் கூடும் என்பதால் 40 சதவீதம் கூடுதல் வேகம் என்றால் தள்ளும் விசை இரண்டு மடங்கு.

இன்னொரு சின்னத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அதைத் தரை மைலாக எண்ணி 1.6ஆல் பெருக்கிவிடுகிறார்கள். 120 கடல் மைல் என்பது 222 கி.மீ.; பேப்பரில் 192 என்று வரும். ஏறக்குறைய 30 கி.மீ. காணாமல் போய்விடுகிறது.

‘புயல் 400 கி.மீ. தொலைவில்’ என்ற தலைப்பே பாதி ஆபத்து. அது மையத்துக்கான தூரம். மாலுமிகள் பார்ப்பது மையத்தை அல்ல, 34 நாட் காற்று எதுவரை பரவியிருக்கிறது என்பதை. நாட் என்றால் ஒரு மணிக்கு ஒரு கடல் மைல். 34 நாட் மணிக்கு 63 கி.மீ. அந்த எல்லைக்குள் சிக்கினால் விரும்பிய திசையில் கப்பலை ஓட்டும் சுதந்திரம் போய்விடும். எல்லை மையத்திலிருந்து 200 கி.மீ. வரை விரிந்து, புயல் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நேராக வந்தால், 400 கி.மீ. தள்ளி இருப்பவருக்கு மிச்சமிருப்பது 20 மணி நேரம் அல்ல, 10. அந்த எல்லை வட்டமாகவும் இருப்பதில்லை. அதனால்தான் வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு என நான்கு கால்வட்டங்களுக்கும் தனித்தனி ஆரம் கொடுக்கிறார்கள்.

பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் மோசமான பக்கம். அங்கே சுழலும் காற்றோடு புயலின் சொந்த வேகமும் சேர்ந்துகொள்கிறது. அதைவிட முக்கியம், அலைகளும் புயல் போகும் பக்கமே ஓடுவதால் காற்று அவற்றை விடாமல் தள்ளிக்கொண்டே போய் வளர்க்கிறது. இடப்பக்கத்தில் இரண்டும் கழிந்துவிடும். தெற்கு அரைக்கோளத்தில் எல்லாம் இடவலம் மாறும். எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைக் கப்பலை நிறுத்திவைத்துக் காற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். காற்றின் திசை கடிகாரச் சுற்றில் திரும்பினால் புயல் பாதையின் வலப்பக்கம். எதிர்ச்சுற்றில் திரும்பினால் இடப்பக்கம். திரும்பாமலே பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) இறங்கிக்கொண்டிருந்தால் புயல் நேரே நம்மை நோக்கி வருகிறது. ஓடுகிற கப்பலில் இதைப் பார்த்தால் விடை தப்பும், ஏனென்றால் கப்பலின் வேகமும் காற்றில் கலந்து தெரியும். வெப்பமண்டலக் கடலில் பாரோமீட்டர் நாளுக்கு இரண்டு முறை தானாகவே சில மில்லிபார் ஏறி இறங்கும். அதைக் கழித்த பிறகும் அந்தப் பருவத்தின் இயல்பைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும், 5 குறைந்தால் விலகத் தொடங்க வேண்டும்.

‘புயல் வலுவிழந்தது’ என்றதும் செய்தி முதல் பக்கத்திலிருந்து உள்ளே போய்விடுகிறது. அலை அப்படிப் போவதில்லை. காற்று ஓய்ந்த பிறகும் புயல் கிளப்பிய நீண்ட அலைகள், ஸ்வெல் என்பார்களே அவை, பல நாள் பயணம் செய்யும். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை வினாடி என்று பார்த்து அதை ஒன்றரையால் பெருக்கினால், ஆழ்கடலில் அந்த ஸ்வெல் எத்தனை நாட் வேகத்தில் வருகிறது என்று கிடைத்துவிடும். 15 வினாடி என்றால் 22.5 நாட், ஒரு நாளில் 1,000 கி.மீ. மெல்ல நகரும் புயலை இவை முந்திக்கொண்டும் வரும். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது கரையில் திடீரென்று தண்ணீர் ஏறும் ‘கள்ளக்கடல்’ தொலைதூரத்து ஸ்வெல்லின் வேலைதான். உயரத்தை மட்டும் சொல்லி வினாடியை விட்டுவிடுவது பாதி எண்ணைச் சொல்வது போல. 2 மீட்டர் 6 வினாடி என்றால் காற்று கிளப்பிய குட்டை அலை; 2 மீட்டர் 16 வினாடி என்றால் துறைமுக வாயிலிலும் ஆழம் குறைந்த இடத்திலும் எழும்பி உடையும்.

நேரம் போடாத வானிலைச் செய்தி எவ்வளவு கெடுதல் என்பதற்கு எல் ஃபாரோ சரக்குக் கப்பலே சாட்சி. 2015 அக்டோபர் 1 அன்று வாக்கீன் சூறாவளியில் மூழ்கியது. 33 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில், தலைமை மாலுமி நம்பியிருந்த வானிலை மென்பொருளில் புயலின் இருப்பிடம் ஒரு கட்டத்தில் 21 மணி நேரம் வரை பழையதாக இருந்தது தெரிந்தது. புதிய அறிக்கை அதே கப்பலில் இன்னொரு கருவிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. நாளிதழ் அச்சேறிக் கைக்கு வருவதற்குள் எப்படியும் பல மணி நேரம் போய்விடும். அறிக்கை எந்த நேரத்தது என்று போட்டுவிட்டால் படிப்பவர் மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்வார்.

புயலின் பாதைக் கணிப்பாகப் படத்தில் வரும் கூம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது புயலின் அகலம் அல்ல, மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்ற எல்லை. கூம்புக்கு வெளியே இருப்பவருக்கும் பெருங்காற்றும் பேரலையும் உண்டு. கணிப்பு தவறக்கூடும் என்பதற்காகக் கப்பல்காரர்கள் 34 நாட் ஆரத்தோடு 24 மணி நேரக் கணிப்புக்கு 100 கடல் மைல், 48க்கு 200, 72க்கு 300 கூட்டிக்கொண்டு விலகி நிற்பார்கள். கணிப்புகள் இப்போது அதைவிடத் துல்லியம்தான். ஆனாலும் அந்தக் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆசிரியரிடம் கேட்பது நான்கு வரி இடம்தான். எண்கள் உதாரணத்துக்கு, அமைப்பு இப்படி இருக்கலாம்:

‘34 நாட் காற்று: மையத்தின் வடகிழக்கே 150 கடல் மைல் (278 கி.மீ.), தென்மேற்கே 80 (148 கி.மீ.). அலை 7 மீட்டர், தனி அலை 13 வரை. ஸ்வெல் தென்கிழக்கிலிருந்து, 13 வினாடி. அறிக்கை நேரம் 0900 யுடிசி (உலகப் பொது நேரம்), அடுத்தது 1500.’

இப்படிக்கு,
கடல் வானிலை அறிக்கைகளைத் தினமும் படிக்கும் வாசகர்கள்