பாப்பாவுக்கு, கண்ணை எங்கே வைப்பது என்பது பற்றி

பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சித்தப்பா அந்த விஷயத்தை ஒருவழியாக முடித்துவிட்டார், விவரமெல்லாம் அம்மா சொல்வாள்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டக் கற்றுக்கொள்ளப் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அதே வியாதி, பானெட்டுக்கு அப்பால் பத்தடியில்தான் கண் நிற்கிறது. 160 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 44 மீட்டர் ஓடுகிறது, பத்தடியில் தெரிவதை வைத்துக் கை என்ன செய்துவிட முடியும்? தூரமாகப் பார் என்றால் தலையாட்டுகிறார்கள், இரண்டு வளைவு பார்க்கிறார்கள், மறுபடி கண் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் ஓட்டும்போதே வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன், இப்போது எதைப் பார்க்கிறாய், அடுத்து எதை. பதில் தாமதமாக வந்தால் கண்ணும் தாமதம் என்று அர்த்தம். இது உனக்குத் தெரியாததில்லை. நீ இங்கே இருந்தபோது சொல்லிக்கொடுத்த பையன்கள் இன்றைக்கும் அக்கா சொன்னது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், கேட்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

ஆனாலும் சொல்கிறேன். பிரேக்கில் கால் வைத்ததும் கண் வளைவின் உள்விளிம்பான ஏபெக்ஸுக்குப் போய்விட வேண்டும், கார் ஏபெக்ஸைத் தொடும் முன்னால் வளைவு முடிகிற எக்ஸிட்டுக்குப் போய்விட வேண்டும். விட்டுவந்த கெர்பை, அந்த ஓரக் கட்டையை, ஓரப்பார்வை பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது நடுவில் இரண்டு டிகிரி அளவுதான், அதைப் பக்கத்தில் இருப்பதற்குச் செலவழிக்கக் கூடாது. ஹேர்பின் என்றால் கண் மட்டும் போதாது, கழுத்தே திரும்ப வேண்டும், பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிற அளவுக்கு. ஹெல்மெட் போட்டதும் கழுத்து சோம்பேறியாகிவிடுகிறது. கோன் வைப்பது முதல் செஷனுக்கு நல்லது, அப்புறம் அவர்கள் பாதையை விட்டுக் கோனையே முறைத்துப் பார்த்து அதன் மேலேயே ஏற்றுகிறார்கள், ஒவ்வொன்றாக எடுத்துவிடு.

நீ இப்போது சொல்லிக்கொடுக்கிற இங்கிலாந்து சில்வர்ஸ்டோன் டிராக்கும் போர்க்கால விமானத் தளம், தாத்தா என்னை ரேஸுக்குக் கூட்டிப்போன சோழவரமும் அப்படித்தான். இரண்டும் பலகை மாதிரி சமதளம். மேடு இருந்தால் எதிரே ரோடு தானே எழுந்து கண்ணை இழுக்கும், சமதளத்தில் இழுப்பதற்கு எதுவும் இல்லை, கண் தார்மேல் விழுந்துவிடுகிறது. அதனால் அங்கே நீதான் தூரத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டிக்கொடுக்க வேண்டும், மார்ஷல் போஸ்ட்டோ விளம்பரப் பலகையோ எதுவானாலும் சரி. சில்வர்ஸ்டோனில் பெக்கெட்ஸ் வளைவுகள் இடம், வலம் என்று மாறி மாறி வரும்போது ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாகப் பார்க்கிறவன் கடைசி வளைவான சேப்பலில் அகலமாகப் போய், அடுத்து வரும் நீளமான நேர்ப்பாதை ஹேங்கர் ஸ்ட்ரெய்ட் முழுக்க வேகத்தை இழக்கிறான்.

கடைசியாக நீ அனுப்பிய வீடியோவில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் ஹெல்மெட் ஓட்டுகிறவன் கைப்பக்கமே திரும்பியிருக்கிறது. ரோட்டில் இல்லை. வலது கை சீட் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீ இப்படி உட்காரவே மாட்டாயே பாப்பா. அவன் கையைப் பார்த்தால் செய்து முடித்தது தெரியும், முன்னால் பார்த்தால்தான் அவனுக்கு அடுத்து என்ன தேவை என்று தெரியும், அப்போதுதான் உன் குரல் நேரத்துக்குப் போய்ச் சேரும். நம் சீட்டில் ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை, கண்ணும் குரலும்தான். ஸ்ட்ரெய்ட்டில் மார்ஷல் கொடியைப் பார்க்கிறாயா, கண்ணாடியைப் பார்க்கிறாயா என்று பார்க்கலாம் என்றால் அதன் முடிவில் வரும் ஸ்டோவ் வளைவுக்கு முன்னாலேயே வீடியோவை வெட்டியிருக்கிறாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வண்டி வழுக்கினால் பயந்தவன் சுவரைத்தான் பார்ப்பான், கண் போகிற இடத்துக்குக் கையும் போகும். அந்த நேரத்தில் சுவர், சுவர் என்று கத்தினால் இன்னும் அதையேதான் பார்ப்பான். போக வேண்டிய இடத்தைச் சொல்ல வேண்டும், விண்ட்ஸ்கிரீன் முன்னால் கையை நீட்டிக் காட்ட வேண்டும், அங்கே பார் என்று. ஒரு நொடிக்குள் அந்தச் சொல் வாயில் வராமல் போவது எந்த இன்ஸ்ட்ரக்டருக்கும் நடக்கும். எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் நடக்கும். அதற்காக அடுத்த ஆள் ஏறியதும் அவன் கையையே காவல் காக்க ஆரம்பித்தால் இன்னொரு முறையும் சொல் தாமதமாகத்தான் வரும். கண்ணை முன்னால் வை.

நடந்ததை உன் அத்தை மகன் வாயால்தான் நான் கேட்க வேண்டியிருந்ததா? அம்மாவிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, விடு. திட்டுவதற்காக எழுதவில்லை. கண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கழுத்து வலிக்கிறதா? வலித்தால் டாக்டரிடம் போ, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறாதே. வலிக்கிற கழுத்து திரும்பாது, திரும்பாவிட்டால் நீ எதையும் பார்க்க முடியாது. ஒரு வாரம் லீவு கேட்டால் யாரும் உன்னைக் குறைவாக நினைக்கப் போவதில்லை, நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை உனக்கு ஓய்வு என்று சொன்னாயே, அன்றைக்குக் கூப்பிடு. அம்மா எடுத்தால் அப்பாவிடம் கொடு என்று சொல், அவள் பேச ஆரம்பித்தால் எனக்குப் போன் வராது.

அப்பா