புது சர்வருக்கு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

சர்வர் வாங்க ஓகே சொல்ற ஐடி மேனேஜர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சைட் ஸ்லோன்னு கம்ப்ளெயின்ட் வந்ததுமே ரேம் ஏத்து, பெரிய மெஷின் போடுன்னு சொல்லிடுறீங்க. அதுக்கு முன்னாடி லினக்ஸ் கெர்னலை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியைப் பாக்க உங்க அட்மினுக்கு ரெண்டு நாள் குடுங்க, நான் கேக்குறது அவ்ளோதான்.

நான் முன்னாடி வேலை பாத்த எடத்துல, யூசர் எல்லாருக்கும் நோட்டிஃபிகேஷன் போற அந்த நிமிஷம் மட்டும் சைட் திணறும். சிபியு பாதி கூட ஓடல, டிஸ்க் சும்மா கெடக்கு, ஆனா சில ரிக்வெஸ்ட் மட்டும் கரெக்டா ஒரு செகண்ட் இல்லன்னா மூணு செகண்ட் லேட். டபுள் ரேமோட புது மெஷின் வந்துச்சு, அப்பவும் அதே ஒண்ணு, அதே மூணு.

ஒருநாள் அந்த நேரம் பாத்து கனெக்ஷன் நிலவரத்தைக் காட்டுற எஸ்எஸ் (ss) கமாண்ட் அடிச்சா, புது கனெக்ஷனை வாங்குற லிசன் சாக்கெட்டுக்கு நேரா ரிசீவ் க்யூ (இப்ப காத்திருக்குற கனெக்ஷன்) 129, சென்ட் க்யூ (அந்த வரிசையோட அளவு) 128ன்னு நிக்குது. அதாவது அப்ளிகேஷன் வந்து எடுக்குற வரைக்கும் கனெக்ஷன் காத்திருக்குற வரிசை நிரம்பி வழியுது, அதுக்கப்புறம் கனெக்ஷன் கேட்டு வர்ற மொத பாக்கெட்டை (சின்) கெர்னல் சத்தமே இல்லாம தூக்கிப் போட்டுடும், க்ளையன்ட் ஒரு செகண்ட் பொறுத்து திரும்ப அனுப்பும், அதுவும் போச்சுன்னா இன்னும் ரெண்டு செகண்ட், அந்த ஒண்ணும் மூணும் இங்கேருந்துதான் வந்துருக்கு. எங்க வெப் சர்வர் சாஃப்ட்வேர் என்ஜின்எக்ஸ் அந்த வரிசைல 511 எடம் கேட்டிருந்துச்சு, ஆனா கெர்னல்ல அந்த வரிசைக்கு உச்சவரம்பு வைக்கிற சோமேக்ஸ்கான் செட்டிங் 128, அதுக்கு மேல எப்படி குடுக்கும்? 5.4 கெர்னல்லதான் அந்த டிஃபால்ட் 4096 ஆச்சு, நாங்க இருந்தது பழைய 4 சீரிஸ்ல. அதை ஏத்தி, என்ஜின்எக்ஸ் கேக்குற வரிசை அளவையும் (பேக்லாக்) ஏத்தி ரீஸ்டார்ட் பண்ணோம், அன்னையிலேருந்து அந்த லேட் இல்ல. மெஷினுக்குப் போன காசு போனதுதான், இப்பவும் நெனச்சா வயிறு எரியுது.

இது மட்டும் இல்ல. வேலை இருக்குற சாக்கெட்டை மட்டும் சொல்ற எபோல் வசதி 2002லயே கெர்னலுக்கு வந்தாச்சு, இன்னும் பழைய செலக்ட் வச்சு ஒவ்வொரு தடவையும் எல்லா சாக்கெட்டையும் சுத்திப் பாக்குற இன்ஹவுஸ் சர்வர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பெரிய ஃபைல் அனுப்புற சைட்ல ஃபைலை கெர்னலே அனுப்புற சென்ட்ஃபைல் செட்டிங் ஆஃப்லயே கெடக்கும், என்ஜின்எக்ஸ்ல டிஃபால்ட்டே ஆஃப்தான். ஆன் பண்ணா கெர்னல் ஃபைலை மெமரில வச்சிருக்குற பேஜ் கேஷ்லேருந்து நேரா சாக்கெட்டுக்குப் போயிடும், நடுவுல அப்ளிகேஷன் மெமரிக்கு காப்பி அடிக்கிற வேலை மிச்சம். ஹெச்டிடிபிஎஸ்னா மட்டும் என்க்ரிப்ஷன் குறுக்க வரும், அதுக்கும் 2017ல 4.13 கெர்னல்ல அந்த என்க்ரிப்ஷனைப் பண்ற டிஎல்எஸ்ஸையே உள்ள கொண்டு வந்துட்டாங்க.

அடுத்த பர்ச்சேஸ் ரிக்வெஸ்ட் உங்க டேபிளுக்கு வந்தா, கூட்டம் குமியுற நேரத்துல எடுத்த அந்த எஸ்எஸ் அவுட்புட்டையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்க. ரிசீவ் க்யூ நம்பர் சென்ட் க்யூவைத் தொட்டு நின்னுச்சுன்னா அன்னிக்கு கையெழுத்து போடாதீங்க, ப்ளீஸ்.