சிறிய கப்பல் கைபழகுவதற்கு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரக் காலக் கடற்போர் விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. தமிழில் இப்படி ஒன்று வருகிறதே என்று ஆவலோடுதான் படிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் இந்த வரி: “பிரிக், கட்டர், ஸ்கூனர் போன்ற சிறு கப்பல்கள் புதியவர்கள் கைபழகிக்கொள்ள மட்டுமே, 74 பீரங்கிக் கப்பல் கைக்கு வந்த பிறகுதான் ஆட்டம் சூடுபிடிக்கும்.” அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

1801 மே 6-ஆம் தேதி பார்சிலோனாவுக்கு அருகே நடந்தது தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஸ்பீடி என்ற பிரிட்டிஷ் பிரிக். இரண்டு பாய்மரம், 14 பீரங்கி. அவையும் 4 பவுண்டு குண்டு வீசும் சின்னப் பீரங்கிகள். ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து வெடித்தாலும் 28 பவுண்டு இரும்புதான் பறக்கும். அன்று கப்பலில் இருந்தவர்கள் 54 பேர். எதிரே வந்த ஸ்பானியக் கப்பல் எல் காமோவில் 32 பீரங்கிகளும் 319 பேரும். ஸ்பீடியின் தலைவர் தாமஸ் காக்ரேன் என்ன செய்தார்? பெரிய கப்பலின் விலாவோடு ஒட்டிக்கொண்டார். அதன் பீரங்கிகளை அவ்வளவு கீழே தாழ்த்த முடியவில்லை. குண்டுகள் ஸ்பீடியின் தலைக்கு மேலே போயின. ஸ்பீடியின் பீரங்கிகளோ வாயை மேலே தூக்கி எதிரியின் தளத்தைக் கீழிருந்து துளைத்தன. ஸ்பானியர்கள் இறங்கித் தாக்கத் திரண்டபோதெல்லாம் சற்று விலகிக்கொண்டார். கடைசியில் சுக்கானை மருத்துவர் கையில் கொடுத்துவிட்டு மற்ற எல்லோரும் எதிரிக் கப்பலில் ஏறினார்கள், பிடித்தார்கள். இதையா கைபழகுவது என்கிறார் கட்டுரையாளர்?

இரண்டே மாதத்தில், ஜூலை 3-ஆம் தேதி, அதே ஸ்பீடி பிரெஞ்சுப் பெருங்கப்பல்களிடம் சிக்கியது. பீரங்கிகளைக் கடலில் தள்ளி எடையைக் குறைத்து, திசை மாற்றி மாற்றி வெகுநேரம் தப்பித்துப் பார்த்த பிறகுதான் கொடி இறங்கியது. நல்ல விளையாட்டு என்றால் அந்தத் தோல்விக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். பெரிய கப்பல்களை எவ்வளவு நேரம் அலைக்கழித்தாய் என்பதுதான் அங்கே கணக்கு.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் பேரனும் அவன் நண்பர்களும் நானும் மேசையில் நீல விரிப்புப் போட்டு, அட்டைக் கப்பல்களையும் பகடையையும் காற்றுத் திசை காட்டும் அம்பையும் வைத்து ஆடுகிறோம். விதிகள் நாங்களே எழுதியவை. 74 பீரங்கிக் கப்பலை எடுத்தவன் வரிசையில் நின்று முன்னால் போகிற கப்பலைப் பின்தொடர வேண்டும், முறை வந்ததும் சுட வேண்டும். அவனுக்கு வேறு வேலையில்லை. பிரிக்கை எடுத்தவன் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். காற்றுக்கு எந்தக் கோணத்தில் போவது, எப்போது நெருங்குவது, எப்போது ஓடுவது, ஆட்களைப் பாயில் நிறுத்துவதா பீரங்கியில் நிறுத்துவதா. பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு கேட்பது பிரிக்கைத்தான்.

எந்தச் சிறு கப்பல் விளையாட்டுக்குப் பொருத்தம் என்று யாராவது கேட்டால் குரூசர் வகை பிரிக்கை முதலில் சொல்வேன். 1797-இல் தொடங்கி பிரிட்டிஷ் கடற்படைக்கு நூற்றுக்கும் மேல் கட்டினார்கள். 32 பவுண்டு குண்டு வீசும் கரோனேட் என்ற குட்டைப் பீரங்கி 16, முன்னால் 6 பவுண்டு பீரங்கி 2, ஆட்கள் 121. ஸ்காட்லாந்தின் கரோன் ஆலையில் பிறந்த இந்தக் கரோனேட், அதே குண்டை வீசும் நீளப் பீரங்கியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் இரண்டே பாய்மரம் கொண்ட கப்பல் ஒரு பக்கத்தில் 262 பவுண்டு வீச முடிந்தது. ஸ்பீடியின் 28 பவுண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் கரோனேட் கிட்டத்தில்தான் அடிக்கும். எதிரி நீளப் பீரங்கிகளோடு எட்டி நின்றுகொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. 1814 மார்ச்சில் சிலி நாட்டு வால்பரைசோவில் அமெரிக்கக் கப்பல் எஸ்ஸெக்ஸ் அப்படித்தான் மாட்டியது. அதில் 46 பீரங்கிகளில் 40 கரோனேட்.

பிரிக்கின் இன்னொரு பலவீனம் பாய்மரம். மூன்றில் ஒன்று போனால் சமாளிக்கலாம், இரண்டில் ஒன்று போனால் கப்பல் சொன்னபடி திரும்பாது. 1812 அக்டோபர் 18-இல் அட்லாண்டிக்கில் ஃப்ராலிக் என்ற குரூசர் பிரிக், புயலில் பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டை) உடைந்த நிலையிலேயே, மூன்று பாய்மரம் கொண்ட அமெரிக்கக் கப்பல் வாஸ்ப்போடு மோதியது. அரை வீரியத்தில் சண்டையிட்டுத் தோற்றது. வாஸ்ப்பும் பாய்மரம் ஒடிந்து நின்றதால், அன்றே வந்த பிரிட்டிஷ் 74 பீரங்கிக் கப்பல் பாய்க்டியர்ஸ் வாஸ்ப்பைப் பிடித்து ஃப்ராலிக்கை மீட்டுக்கொண்டது. கட்டுரையாளர் போற்றும் 74 அங்கே செய்த வேலை அவ்வளவுதான்.

பெரிய கப்பல்களின் போர்களுக்கும் சிறியவை இல்லாமல் கதி இல்லை. 1798-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் நெப்போலியனின் படையைத் தேடி மத்தியதரைக் கடல் முழுக்க அலைந்தது வேவு பார்க்கும் கப்பல்கள் இல்லாமல். துணைக்குக் கப்பல்கள் வருகின்றன என்ற செய்தியைக் கொண்டு வந்தது ஹார்டி தலைமை தாங்கிய மியூட்டின் என்ற பிரிக். 1805-இல் டிரஃபால்கர் கடற்போர் வெற்றியையும் நெல்சனின் மரணத்தையும் இங்கிலாந்துக்குச் சொன்னது பிக்கிள் என்ற ஸ்கூனர். நவம்பர் 4-இல் ஃபால்மத் துறைமுகத்தில் இறங்கிய அதன் தலைவர் லெப்டினன்ட் லாப்பனோட்டியர் 6-ஆம் தேதி விடியுமுன் லண்டனில் இருந்தார்.

ஆழம் என்ற ஒன்றை இந்த விளையாட்டுகள் ஏன் மறந்துவிடுகின்றன என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். என் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்தவர். 1974-இல் புதுத் துறைமுகம் வரும் முன்பு பெரிய கப்பல்கள் கரையிலிருந்து மைல்கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கும். முயல் தீவுப் பக்கம் பாறையும் மணல்திட்டும் எங்கே என்று அப்பாவுக்குத் தண்ணீரின் நிறத்திலேயே தெரியும். அவர் போன வழியில் அந்தப் பெரிய கப்பல் எதுவும் வந்திருக்க முடியாது. பிறகு நானும் வணிகக் கப்பலில் அதிகாரியாக உலகம் சுற்றினேன். கப்பல் எவ்வளவு தண்ணீர் இழுக்கிறது, அதாவது அதன் அடிப்பகுதி எவ்வளவு ஆழம் மூழ்கி நிற்கிறது என்பதை மறந்த மாலுமியை நான் எங்கும் பார்த்ததில்லை.

கொங்கணக் கரையில் மராத்தியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்ரே தாக்குப்பிடித்து நின்றது இந்த அறிவால்தான். குராப் என்ற இரண்டு மூன்று பாய்மரக் கப்பல்கள், முகப்பிலேயே முன்னோக்கிச் சுடும் பீரங்கிகள். கூடவே 70 டன்னுக்கு மேற்படாத, 40, 50 துடுப்புகள் கொண்ட கலிவாத்துகள். காற்று விழுந்துவிட்டால் ஐரோப்பியக் கப்பல் நின்ற இடத்தில் நிற்கும்; கலிவாத்து துடுப்புப் போட்டுக் குராப்பை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்து அடிக்கும். 1721-இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து அவருடைய கொலாபா கோட்டையைத் தாக்கியும் ஒன்றும் நடக்கவில்லை. இதை விளையாட்டாக வைத்தால் எவ்வளவு அருமையாக இருக்கும்! ஆனால் உங்கள் கட்டுரையில் ஆங்ரேயின் பெயர்கூட இல்லை.

ஆங்ரே பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் கடலோடிகள் பற்றி ஒரு தொடர் தொடங்கினீர்கள். மூன்றாம் பகுதி ஆங்ரே என்று அறிவிப்பும் போட்டீர்கள். அது வரவேயில்லை. அந்த இடத்தில் நட்சத்திரப் பேட்டி வந்தது. காரணம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. சென்ற ஆண்டு தீபாவளி மலரில் மூன்று பாய்மரம் தெளிவாகத் தெரிகிற ஃபிரிகேட் படத்துக்குக் கீழே “பிரிக்” என்று அச்சிட்டிருந்தீர்கள். அதையும் எழுதினேன். சென்ற இதழிலும் அதே படம், அதே விளக்கம். நெடுநாள் சந்தாதாரன் எழுதும் கடிதத்தை யாராவது பிரித்துப் படிக்கிறார்களா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். சமையல் குறிப்பில் உப்பின் அளவு தவறினால் அடுத்த இதழிலேயே திருத்தம் போடுகிறீர்கள். கடல் என்றால் மட்டும் எதையும் போடலாமா?

என் வேண்டுகோள் சிறியது. அந்தப் படத்தின் விளக்கத்தை அடுத்த இதழில் திருத்துங்கள். கட்டுரையின் இரண்டாம் பகுதியில் கட்டர், ஸ்கூனர், பிரிக், குராப், கலிவாத்து ஆகிய ஐந்துக்கும் பாய்மரம், ஆட்கள், பீரங்கி, இழுக்கும் ஆழம் ஆகியவற்றைச் சொல்லி அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இடம் தருவதாக இருந்தால் நானே எழுதிப் படமும் வரைந்து அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு மட்டுமாவது ஒரு வரி பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி