பார்த்தது யார் என்று எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவமனைகள் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) மாறுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் செலவு மிச்சமாவதுதான் அதிகம் பேசப்பட்டது. எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். அப்படிப்பட்ட ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் தன்னார்வலன். நிரல் எழுதத் தெரியாது. மருந்துச்சீட்டைப் பதிவு செய்து, லேபிள் சரியாக வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒருநாள் குழந்தைக்கான சிரப் 2.5 மி.லி. என்பது 25 மி.லி. என்று வந்தது. புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும் நாடுகளுக்கான அமைப்பில் அந்தக் குறியை மென்பொருள் விழுங்கிவிட்டது. சொன்னேன், இரண்டே நாளில் திருத்தினார்கள். நல்லவேளை, அது எந்த நோயாளியையும் எட்டவில்லை.

மென்பொருளின் மூன்று புதிய வெளியீடுகள் கழித்து அதே 25 திரும்பி வந்தது! திருத்தியவர் விலகிப் போயிருந்தார். அவர் சேர்த்த நிரல் வரி எதற்கு என்று எங்கும் எழுதவில்லை. பின்னால் வந்தவர் 'தேவையில்லாத வரி' என்று நீக்கிவிட்டார்.

தர மேலாண்மை முறை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைத்துச் சரிபார்க்கும் ஒழுங்கு, வேண்டும் என்று அப்புறம்தான் பேச்சு வந்தது. "சம்பளமில்லாமல் எழுதுகிறோம், இதில் ஃபார்ம் வேறயா?" என்றார்கள் இளைஞர்கள். நியாயம்தான். மருத்துவக் கருவிகளுக்கான தர மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 13485-ஐ முழுசாகத் தலையில் கட்டினால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஆனால் மருத்துவ மென்பொருளுக்கான தரநிலையான ஐஇசி 62304, மென்பொருளை ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரிக்கிறது. அதில் பிழை வந்தால் உயிர் போகலாம், பெரிய காயம் ஏற்படலாம் என்றால் அது சி. எங்கள் லேபிள் பகுதி சி, முகப்பின் நிறம் ஏ. சி-யிலிருந்து தொடங்கலாமே: என்ன மாற்றினோம், ஏன், யார் சரிபார்த்தார், எந்தச் சோதனை.

யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்க்கலாம் என்பது நம் பெருமை. சரி, பார்த்தார்களா? தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுமீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. புகார் வந்தபோது, கருவியால் அப்படிச் செய்யவே முடியாது என்றுதான் தயாரிப்பாளர் முதலில் சொன்னார். அது வெளியார் பார்க்க முடியாத மூடிய நிரல். திறந்த நிரலிலும் புகாரை வாங்கிப் பதிவு செய்ய ஆளில்லாவிட்டால் கதை அதேதான்.

2.5-க்கான சோதனை இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் தானாகவே ஓடுகிறது. மருந்து ஒவ்வாமை எச்சரிக்கைப் பகுதிக்கு இன்னும் சோதனை ஒன்றும் எழுதவில்லை. இந்த மென்பொருளை இலவசமாக வாங்கிக்கொள்ளும் மருத்துவமனைகள், வாரத்தில் அரை நாளாவது ஒரு செவிலியரையோ மருந்தாளுநரையோ இந்தச் சோதனை வேலைக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்